காய்ச்சல் இல்லாத வீடுகள்

மேலாண்மைப் படிப்பில் சேர்ந்த முதல் நாள், விடுதி அறைச் சாவியோடு எங்கள் கையில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு குழு எண் இருந்தது. முதலாண்டு முழுவதும் படிப்பதும் எழுதுவதும் வகுப்பில் ஒப்புவிப்பதும் அந்தக் குழுவோடுதான் என்றும், குழுவை மாற்றித் தரும்படி யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றும் கீழே அச்சிட்டிருந்தார்கள். ஊர், முன்பு படித்த படிப்பு, பார்த்த வேலை, ஆண், பெண் என அனைத்தையும் கணக்கில் எடுத்து, ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லாதபடி அவர்களே கலந்து போட்ட குழுக்கள் அவை.

எங்கள் குழுவில் ஆறு பேர். மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த மதுரைக்காரனாகிய நான், ஜோத்பூரிலிருந்து வந்த கணக்காயர், தரைப்படையில் குறுகிய காலப் பணி முடித்து விலகிய ஹரியானாக் கேப்டன், திருச்சூரில் சொந்தமாகச் சிகிச்சையகம் வைத்திருந்த பல் மருத்துவர், டில்லியில் பொருளாதாரம் முடித்த கையோடு வந்த இருபத்தொரு வயது இளைஞர், மிசோரத்தில் ஒரு சுகாதாரத் தொண்டு அமைப்பில் ஆறு ஆண்டுகள் மலைக்கிராமங்களில் அலைந்து வேலை செய்த தோழி. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பொறியாளர்கள் என்பதால், ஆறு பேரில் ஒரே ஒரு பொறியாளன் இருந்த குழு அமைந்ததே அரிது. அதை அன்று நான் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பக்கத்து அறை நண்பனின் குழுவில் நான்கு பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் இரவு பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் முதல் பத்தியையே எழுதி முடித்திருக்கவில்லை.

எங்கள் முதல் சப்மிஷன் ஒரு தேயிலை நிறுவனத்தின் விரிவாக்கத் திட்டத்தைப் பற்றியது. ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் அறையில் எழுதி, கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு ஒன்றாக ஒட்டி, பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினோம். திரும்பி வந்த தாளின் ஆறாம் பக்கத்தில் இரண்டு எண்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. கணக்காயர் தம் பழக்கப்படி விற்பனையைக் கோடியில் எழுதியிருந்தார். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்து பழகிய நான் செலவை மில்லியனில் எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே அட்டவணையில் அலகின் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பத்து மில்லியன் சேர்ந்தால்தான் ஒரு கோடி என்பது ஆறு பேருக்கும் தெரியும். ஆனால் ஆறு பேரில் ஒருவர்கூட அந்த அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை படிக்கவில்லை. பிரித்துக்கொண்டு வேலை செய்வதைச் சேர்ந்து வேலை செய்வதாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை அந்தச் சிவப்பு வட்டம் காட்டிக்கொடுத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் நூலகத்தின் மூன்றாம் மாடியிலிருந்த சிறிய அறையில் கூடத் தொடங்கினோம். மேலாண்மைக் கல்வியில் கேஸ் என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் ஒரு நெருக்கடியில் என்ன முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பத்து இருபது பக்கங்களில் எழுதி, முடிவை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். சட்டக் கல்வியிலிருந்து கடன் வாங்கி ஹார்வர்டு வணிகப் பள்ளி வளர்த்தெடுத்த முறை இது. 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடு அதை இங்கே வேரூன்றச் செய்தது. முந்தின இரவு குழுவாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, மறுநாள் வகுப்பில் அந்த முடிவுக்காக வாதாட வேண்டும். ஆகவே குழுவின் தரம் என்பது அந்த முந்தின இரவின் தரம்தான்.

அந்த இரவுகளில் எங்களுக்கு இருந்த முதல் சிக்கல் மொழி. பேச்சு சூடு பிடித்ததும் கணக்காயரும் கேப்டனும் டில்லி இளைஞரும் இந்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு இந்தி தெரியாது. மிசோரத் தோழிக்குக் கடைவீதிக்குப் போதுமான அளவே தெரியும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் நான் கோபத்தோடு, இனி இந்த அறையில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று சொன்னேன். அப்போது அந்தத் தோழி, குரலை உயர்த்தாமல், நீயும் சேட்டாவும் தமிழில் பேசும்போது எனக்கும் இப்படித்தான் இருக்கிறது என்றார். திருச்சூர் மருத்துவரைச் சேட்டா என்று நான்தான் அழைக்கத் தொடங்கினேன். தமிழ்ப் படங்கள் பார்த்தே தமிழ் கற்ற அவரோடு எத்தனை முறை அந்த மேசையில் தமிழில் பேசிச் சிரித்திருக்கிறேன் என்பது தோழி சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. என் தாய்மொழி எனக்கு வீடு மாதிரி. அது இன்னொருவருக்குச் சாத்திய கதவாக இருக்கக்கூடும் என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆங்கிலம் மட்டும் என்ற விதியும் நியாயமான விதி அன்று என்பது போகப் போகத் தெரிந்தது. கணக்காயர் மனக்கணக்கை இந்தியில்தான் போடுவார். அவரை ஆங்கிலத்தில் பேசச் சொன்னதும், எங்களில் மிக வேகமாகக் கணக்குப் போடக்கூடியவர் மிகவும் மெதுவானவராக மாறிப்போனார். டில்லி இளைஞரோ எந்தக் கருத்தையும், பாதி வெந்ததாக இருந்தாலும், அழகான ஆங்கிலத்தில் முழுமையான வாக்கியமாகச் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு நாங்கள் தலையாட்டுவோம். சரளமாகப் பேசுகிறவரைச் சரியாகச் சிந்திக்கிறவர் என்று எடுத்துக்கொள்ளும் பிழையை எங்கள் வகுப்பறையே எங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, கேட்பதற்குக் கிடையாது. கடைசியில், கணக்கை யாரும் எந்த மொழியிலும் போடலாம், ஆனால் போட்டு முடித்ததும் அறையில் இருக்கும் எல்லாருக்கும் புரியும்படி வேறொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். வேறொருவர் என்பது தற்செயலாக வந்து சேர்ந்த திருத்தம். ஆனால் திருப்பிச் சொல்ல வேண்டியவர் கவனித்துத்தான் ஆக வேண்டும் என்பதால், கோடி மில்லியன் போன்ற பிழை அதன் பிறகு எங்களுக்கு நேரவில்லை.

முதல் பருவத்தின் முடிவில், ஒவ்வொருவரும் மற்ற ஐவருக்கும் சேர்த்து 100 புள்ளிகளைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்றார்கள். குழு வேலையில் யார் எவ்வளவு பங்களித்தார்கள் என்பதற்கான மதிப்பீடு அது. சமமாகப் போட்டால் ஆளுக்கு 20. நான் மிசோரத் தோழிக்கு 14 போட்டேன். இன்னும் அதிகமாகப் பேசலாம் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அவர் பேசியதே இல்லை என்றுதான் அப்போது நம்பினேன்.

இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் நிறுவன நடத்தை என்ற பாடத்துக்குக் கார்ட்டர் ரேசிங் என்ற கேஸ் வந்தது. மேலாண்மை மாணவர்கள் பலர் இதைப் படித்திருப்பார்கள். இனிமேல் படிக்கப் போகிறவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிச் செல்வது நல்லது. ஒரு கார்ப் பந்தயக் குழு, பருவத்தின் மிக முக்கியமான பந்தயத்தில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். இதுவரை ஓடிய 24 பந்தயங்களில் 7-இல் எஞ்சினில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பழுதாகியிருக்கிறது. குளிர் அதிகமானால் பழுதாகிறது என்று ஒரு மெக்கானிக் சந்தேகிக்கிறார். பந்தய நாளோ வழக்கத்துக்கு மாறான குளிர். பழுதான ஏழு பந்தயங்களின் வெப்பநிலையைக் குறித்த ஒரு வரைபடமும் இருந்தது. அதைப் பார்த்தால் குளிரிலும் பழுதாகியிருந்தது, வெயிலிலும் பழுதாகியிருந்தது. வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கணக்காயரும் டில்லி இளைஞரும் வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டார்கள். பழுதாகும் வாய்ப்பு ஏறக்குறைய 29 விழுக்காடு, வென்றால் கிடைப்பது இவ்வளவு, விலகினால் இழப்பது இவ்வளவு என்று அம்புக்குறிகள் கிளை பிரிந்துகொண்டே போயின. அந்த நேரத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி, பழுதாகாத பந்தயங்கள் எங்கே என்று கேட்டார். பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேள்வி பாதியில் நிற்பதாக நினைத்து, மீதியையும் சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, நானும் பலகையின் பக்கம் திரும்பிவிட்டேன். கேப்டன், ஓடலாம் என்றார். அவரை நாங்கள் எல்லாரும் சார் என்று அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள். கைகள் உயர்ந்தன. எல்லாருக்கும் பிறகு, மெதுவாக, ஆறாவது கையும் உயர்ந்தது.

மறுநாள் பேராசிரியர், கூடுதல் விவரம் வேண்டும் என்று எந்தக் குழுவாவது தம்மிடம் கேட்டதா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். ஒரு குழுவும் கேட்டிருக்கவில்லை. அவர் திரையில் இன்னொரு வரைபடத்தைப் போட்டார். அதில் பழுதாகாத 17 பந்தயங்களும் இருந்தன. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஓடிய நான்கு பந்தயங்களிலும் கேஸ்கெட் பழுதாகியிருந்தது. அதற்கு மேலே ஓடிய இருபதில் மூன்றில்தான் பழுது. பழுதில்லாத ஓட்டம் ஒன்றுகூட அந்தக் கோட்டுக்குக் கீழே இல்லை. அதன் பிறகே, அவை பந்தயக் கார் எண்கள் அல்ல, சாலஞ்சர் என்ற அமெரிக்க விண்ணோடத்தின் கதைக்குரிய எண்கள் என்று சொன்னார். 1986 ஜனவரி 27 இரவு, ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், அதன் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் பழுதாகும் என்று அஞ்சி, 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். அவர்களுடைய நிர்வாகமே கடைசியில் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. மறுநாள் காலை ஏவப்பட்ட ஓடம் 73 நொடிகளில் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. நான் பக்கத்தில் இருந்த தோழியின் குறிப்பேட்டைப் பார்த்தேன். முந்தின இரவு அவர் போட்டிருந்த கட்டங்கள் அதில் இருந்தன: மொத்தம் இருபத்து நான்கு. ஏழில் மட்டும் எண்கள் நிரப்பியிருந்தன. மற்றவை வெறுமையாக இருந்தன.

அன்று மாலை நூலக அறையில் கேப்டன்தான் முதலில் பேசினார். தோழியைப் பார்த்து, நீங்கள் ஏதோ கேட்டது என் காதில் அரைகுறையாக விழுந்தது, நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். முழுமையாகக் கேட்டவன் நான்தான் என்பதை நான் அதன் பிறகே சொன்னேன். எப்படி அந்தக் கேள்வி தோன்றியது என்று சேட்டா கேட்டதற்கு, மலேரியாக் கணக்கெடுப்பில் எங்களுக்கு முதலில் கற்றுத் தருவதே அதுதான் என்றார் தோழி. மலையேறி வீடு வீடாகப் போகும் புதிய ஊழியர், காய்ச்சல் உள்ள வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு வருவாராம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஓடைக்குப் பக்கத்தில் இருப்பதால் காய்ச்சல் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடைக்குப் பக்கத்திலேயே காய்ச்சல் இல்லாத வீடுகள் எத்தனை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஆகவே காய்ச்சல் இல்லாத வீட்டுக்கும் ஒரு வரி எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் விதி.

பிறகு ஏன் கையை உயர்த்தினீர்கள் என்று டில்லி இளைஞர் கேட்டார். நான் கேட்டது முட்டாள்தனமான கேள்வி போலிருக்கிறது, அதனால்தான் யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டேன் என்றார் அவர். அந்தப் பதிலை என்னால் இன்றும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் போட்ட 14 புள்ளிகள் அப்போது என் நினைவுக்கு வந்தன.

இந்த இடத்தில் ஆய்வுகள் சொல்வதையும் குறிப்பிட வேண்டும். அதே பாடத்தில் அடுத்தடுத்த வாரங்களில் படித்தவை அவை. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட சோதனையில், குழுக்கள் தங்களில் எல்லாருக்கும் முன்பே தெரிந்த செய்திகளையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன என்பதும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி, முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தாலும், பெரும்பாலும் மேசைக்கு வராமலே போகிறது என்பதும் தெரியவந்தன. கேத்தரின் ஃபிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே வட்டத்தைச் சேர்ந்த மூவர் ஒரு கொலை வழக்கின் விவரங்களைப் பேசிக்கொண்டிருக்கும்போது, நான்காமவர் வந்து சேர்வார். அவரும் அதே வட்டத்துக்காரராக இருந்தால் குழு தன் பேச்சு நன்றாகப் போனதாக உணர்ந்தது, முடிவில் உறுதியாகவும் இருந்தது. வெளியாளாக இருந்தால் பேச்சு சங்கடமாக இருந்ததாக உணர்ந்தது, உறுதியும் குறைந்தது. ஆனால் குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்தவை பெரும்பாலும் வெளியாள் சேர்ந்த குழுக்களே. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பொறியாளர்களை நான் பொறாமையோடு பார்த்த மாலைகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆயினும் கலப்பான குழுவாக இருப்பதாலேயே எதுவும் நடந்துவிடாது. கார்ட்டர் இரவில் எங்கள் குழு வகுப்பிலேயே மிகவும் கலப்பான குழுவாகத்தான் இருந்தது. அப்படியும் ஆறு கைகளும் உயர்ந்தன. ஆகவே நாங்கள் கூட்டத்தை நடத்தும் முறையை மாற்றினோம். வழி சொன்னவர் கேப்டன். இராணுவ நீதிமன்றங்களில், உறுப்பினர்களின் கருத்தைப் பதவியில் மிகக் கீழே உள்ளவரிடம் தொடங்கியே கேட்க வேண்டும் என்று விதி இருப்பதாகச் சொன்னார்; மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார் என்பதுதான் காரணம். அந்த விதி எங்களுக்கு அப்படியே பொருந்தவில்லை, ஏனென்றால் எங்களில் மேலே கீழே என்று யாரும் இல்லை. ஆனால் யார் பேசினால் மற்றவர்கள் அடங்கிப்போகிறார்களோ அவர் கடைசியில் பேச வேண்டும் என்று அதை மாற்றிக்கொண்டோம். தம்மை இனி யாரும் சார் என்று அழைக்கக் கூடாது என்பதையும் அவரே கேட்டுக்கொண்டார். அதோடு, கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் கருத்தைக் காகிதத்தில் எழுதி, அதை இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் கையில் இருக்கும் பிறர் கருத்தைத்தான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். தோழியின் கருத்தைக் கணக்காயர் உரத்த குரலில் சொன்னபோது அது கேட்காமல் போகவில்லை. டில்லி இளைஞருக்கு இந்த முறை முதலில் பிடிக்கவே இல்லை, நேரம் வீணாகிறது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதும் உண்மைதான். எங்கள் கூட்டங்கள் முன்பைவிட நீண்டன.

அந்த ஆண்டின் கடைசிப் பருவத்தில் எங்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய கேஸ் வந்தது. 1976-இல் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதியது முதல் உலகெங்கும் மேலாண்மை மாணவர்கள் படித்து வருவது. எனக்கு அது என் ஊர்க் கதை. அண்ணா நகரில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் வளர்ந்தேன். என் அப்பத்தாவுக்கு அங்கேதான் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் அடங்கிப்போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், அன்று கடைசியாகப் பேச வேண்டியவன் நான் என்று முடிவாயிற்று.

காகிதங்கள் கைமாறின. ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைக்கும் முறையைக் கணக்காயர் நிமிடக் கணக்காகப் பிரித்து எழுதியிருந்தார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய வேலைகள் அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்ததுதான் அடிப்படை என்று சேட்டா எழுதியிருந்தார். தம் சிகிச்சையகத்தில் அதைச் செய்யாமல் தாம் எவ்வளவு நேரத்தை இழந்தார் என்றும் சொன்னார். என் கைக்கு வந்தது தோழியின் தாள். அதில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: மருத்துவமனை கிராமங்களில் நடத்தும் கண் சிகிச்சை முகாமுக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை?

சிகிச்சையும் இலவசம், பேருந்தும் இலவசம், சாப்பாடும் இலவசம் என்னும்போது வராமல் இருக்கக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதலில் அந்தத் தாளைத்தான் படித்துக் காட்ட வேண்டும், படித்தேன். சேட்டா தம் மடிக்கணினியில் தேடி, 1999-இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்தார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் குறை உள்ள பெரியவர்களில் 7 விழுக்காட்டினர்தான் முகாம்களுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு ஆகியவற்றோடு குடும்பப் பொறுப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. தோழி என்னிடம், உங்கள் பாட்டி மருத்துவமனையில் இருந்த நாட்களில் வீட்டில் சமைத்தது யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை பெருமையோடு சொன்ன கதை அது. அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அப்பத்தா முதல் முகாமிலேயே போகவில்லை என்று அம்மா சொன்னார். திருமங்கலத்துக்கு முகாம் வந்ததும், பேருந்து பள்ளிக்கூட வாசலிலேயே நின்றதும் உண்மைதான். ஆனால் அந்த வாரம் பெரிய அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள், அடுத்த ஆண்டு தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்றாம் ஆண்டுதான், அடுப்பைப் பார்த்துக்கொள்வதாக எதிர் வீட்டு முத்தம்மாள் ஒப்புக்கொண்ட பிறகு, அப்பத்தா பேருந்தில் ஏறினார். "ரெண்டு வருசம் அரிசியில கல்லு தடவித்தான் பொறுக்குனா, யாரும் கேக்கல" என்றார் அம்மா.

மறுநாள் வகுப்புக்கு முன் இதைக் குழுவிடம் சொன்னேன். தோழி தம் குறிப்பேட்டைத் திறந்து, முகாம் நடந்த ஆண்டுகளுக்கு நேரே மூன்று கட்டங்கள் போட்டு, முதல் இரண்டையும் வெறுமையாக விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் காரணத்தை எழுதினார்.